தூக்குப் பாலம் தந்த வாடெல்

ஆற்றின் இரு கரைகளிலும் ஒரு நகரம் வளருமாயின், அங்கே இருவகைப் போக்குவரத்து ஒன்றையொன்று குறுக்கிடும். கரைவிட்டுக் கரை செல்லும் மக்களும் வண்டிகளும் ஆற்றைக் கடத்தல் வேண்டும். ஆற்றோடு செல்லும் கப்பல்கள் பாலத்தைக் கடத்தல் வேண்டும். பாலத்தை மிக உயரமாகக் கட்டினால் கப்பலுக்கு வழி கிடைக்கும். ஆனால், அவ்வுயரத்திற்குப் புகைவண்டி ஏற வேண்டுமாயின், நெடுந்தொலைவிலிருந்தே சாய்வான மேட்டுப் பாதை அமைத்தல் வேண்டும். வீடுகளும் கடைகளும் நெருங்கி நிற்கும் நகரத்தில் அதற்கு இடம் ஏது? பாலத்தைத் தாழ்வாகக் கட்டினாலோ, கப்பலுக்கு வழி அடைபட்டுப் போகும். ஆறும் வேண்டும், பாதையும் வேண்டும் என்னும் இந்த இக்கட்டிற்கு விடை தேடியவர் பலர். பாலத்தின் ஒரு பகுதியை, அது கிடந்த நிலையிலேயே, நேரே மேலே தூக்கிவிடலாம் என்று துணிந்து, அதனைச் செய்தும் காட்டியவர் ஒருவர். அவர்தாம் ஜான் அலெக்சாண்டர் லோ வாடெல் என்னும் பொறியியல் வல்லுநர்.

வாடெல் 1854 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15 ஆம் நாள், கனடா நாட்டில் போர்ட் ஹோப் என்னும் ஊரிற் பிறந்தார். ஒண்டாரியோ ஏரியின் கரையில் அமைந்த சிற்றூர் அது. பிற்காலத்தில் ஓய்வென்பதையே அறியாது உழைத்த இவர், இளமையில் உடல்நலம் குன்றியவராகவே இருந்தார். கடற்காற்று உடலைத் தேற்றும் என்று கருதிய பெற்றோர், பதினாறாம் அகவையில் அவரைப் பாய்க்கப்பல் ஒன்றில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பினர். பல திங்கள் நீண்ட அப்பயணம் அவருடைய உடலுக்கு உரம் ஊட்டியது. கீழைநாடுகளைக் கண்ணாற் கண்ட அந்த இளைஞர், பின்னொரு நாள் அத்திசைக்கே ஆசிரியராகச் செல்லப் போவதை அப்பொழுது அறியார்.

ஊர் திரும்பிய வாடெல், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் டிராய் நகரிலுள்ள ரென்சலர் பல்தொழில் நிலையத்திற் சேர்ந்து கட்டடப் பொறியியல் கற்று, 1875 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவுடனே புகழ் வந்து சேர்ந்துவிடவில்லை. கனடா அரசின் கப்பல் துறையில் வரைபடம் தீட்டினார். காடும் பாறையும் நிறைந்த நிலத்தில் இருப்புப்பாதை அமைக்கும் பணியில் உழைத்தார். நிலக்கரிச் சுரங்கத்திலும் பணி புரிந்தார். பின்பு தாம் பயின்ற நிலையத்திற்கே திரும்பிச் சில ஆண்டுகள் ஆசிரியராய் இருந்தார். இவ்வாறு, ஏட்டறிவும் பட்டறிவும் அவரிடத்தே ஒருங்கே வளர்ந்தன.

அக்காலத்தில் சப்பான் நாடு புதுமைக் கல்வியை விரைந்து தேடிக்கொண்டிருந்தது. மேலைநாட்டு அறிஞர்களை வரவழைத்துத் தன் இளைஞர்களுக்குக் கற்பித்தது. 1882 ஆம் ஆண்டில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தின் கட்டடப் பொறியியற் பேராசிரியராக வாடெல் அழைக்கப்பெற்றார். அவ்வாண்டிலேயே திருமணம் புரிந்துகொண்ட அவர், மனைவி அடாவுடன் அங்குச் சென்று நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். சப்பானிய இருப்புப்பாதைகளுக்கு அன்று பாலம் அமைத்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பொறியாளர்களே. அவர்தம் முறையிற் குறைகள் உள என்றும், அமெரிக்க முறைப் பாலங்கள் அந்நாட்டுக்கு ஏற்றவை என்றும் வாடெல் 1885 ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அந்நூல் பெரும் பூசலை எழுப்பியது. ஆயினும், தாம் கண்ட உண்மையை வெளிப்படச் சொல்ல அவர் அஞ்சவில்லை. பின்னாளில் அந்நாட்டில் அமெரிக்க முறைப் பாலங்களும் இடம்பெற்றன. அவருடைய தொண்டினைப் பாராட்டிச் சப்பானியப் பேரரசர் 1888 ஆம் ஆண்டில் உதயசூரியன் என்னும் விருதினை வழங்கினார்.

சப்பானிலிருந்து திரும்பிய வாடெல், அமெரிக்காவின் நடுப்பகுதியில் உள்ள கான்சாஸ் நகரத்திற் குடியேறிப் பாலம் அமைக்கும் தொழிலை மேற்கொண்டார். மேற்கு நோக்கி இருப்புப்பாதைகள் பாய்ந்து பரவிய காலம் அது. ஆறு குறுக்கிட்ட இடந்தோறும் பாலம் வேண்டியிருந்தது. அவருடைய அறிவிற்கு ஏற்ற களம் அமைந்தது.

அந்நாளில் நகரத்து ஆறுகளில் மிகுதியாக இருந்தவை சுழற் பாலங்கள். ஆற்றின் நடுவே ஒரு பெருந்தூண் எழுப்பி, அதன்மேற் பாலத்தை அச்சிற் பொருத்திவிடுவர். கப்பல் வரும்பொழுது பாலம் திருகைக்கல் போற் சுழன்று, ஆற்றின் போக்கிலேயே நீளவாட்டில் நிற்கும். இம்முறையில் இடையூறுகள் பல இருந்தன. நடுத்தூண் நீர்வழியை இரண்டாகப் பிளந்தது. கப்பல்கள் பெரியனவாக ஆக, அத்தூணிலும் பாலத்திலும் மோதும் நேர்ச்சிகள் மிகுந்தன. பாலம் சுழல்வதற்கு வெற்றிடம் வேண்டும். எனவே அருகிலுள்ள கரையிற் கப்பல் நிறுத்தித் துறை அமைக்க இயலாது. நகர நிலத்தின் விலை ஏற ஏற, இக்குறையும் பெரிதாகத் தோன்றிற்று.

மினசோட்டா மாநிலத்தில் டுலூத் என்னும் துறைமுக நகரம் உண்டு. அங்குள்ள கப்பற் கால்வாயின் குறுக்கே பாலம் அமைக்கத் தக்க திட்டம் வேண்டுமென்று நகரத்தார் 1892 ஆம் ஆண்டில் ஒரு போட்டி நடத்தினர். வாடெல் தம் எண்ணத்தை முதன்முதலாக அங்கே விரித்துரைத்தார். இரு கரைகளிலும் இரண்டு கோபுரங்கள். அவற்றினிடையே 250 அடி நீளமுள்ள பாலம். கப்பல் வரும்பொழுது அப்பாலம் மேலெழுந்து வழிவிடும். நடுத்தூண் இல்லை, சுழல இடமும் வேண்டுவதில்லை. போட்டியில் அவருடைய திட்டமே வென்றது. ஆனால், நீர்வழிகளைக் காக்கும் பொறுப்பினை உடைய போர்த்துறையினர் அதற்கு இசைவு தர மறுத்துவிட்டனர். பரிசு பெற்ற திட்டம் தாளிலேயே தங்கிவிட்டது. வேறொருவராயின் சோர்ந்திருப்பர். வாடெல் அத்தாள்களைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்த வாய்ப்பினை எதிர்நோக்கி இருந்தார்.

அவ்வாய்ப்பு சிகாகோ நகரிலிருந்து வந்தது. தானியமும் மரமும் நிலக்கரியும் ஏற்றிய கலங்கள் ஓயாது இயங்கிய ஆறு சிகாகோ ஆறு. அதன் தென்கிளையில் ஹால்ஸ்டெட் தெருவில் இருந்த சுழற் பாலம் ஒரு கப்பல் மோதியதாற் சிதைந்தது. அவ்விடத்தில் மீண்டும் ஒரு நடுத்தூண் எழுப்பலாகாது என்று போர்த்துறையினர் தடுத்தனர். டுலூத் நகரில் வாடெலின் கனவைத் தடுத்த அதே துறையின் ஆணை, சிகாகோவில் அக்கனவிற்கு வழி திறந்தது! நகரத்தார் அவருடைய திட்டத்தை ஏற்றனர். 1894 ஆம் ஆண்டில் தெற்கு ஹால்ஸ்டெட் தெருத் தூக்குப் பாலம் மக்கள் வழக்கிற்கு வந்தது. 130 அடி நீளமுள்ள எஃகுப் பாலம் நீர்மட்டத்திற்கு மேல் 155 அடி உயரம் வரை எழுந்து நின்ற காட்சியைக் கண்டோர் வியந்தனர். செங்குத்தாக உயரும் சிறு பாலங்கள் ஐரோப்பாவில் முன்னரே இருந்தன. ஆயினும், பெருங்கலங்கள் செல்லும் ஆற்றில், இத்துணைப் பெரிய பாலத்தை இத்துணை உயரம் தூக்கியது ஒரு புதிய தொடக்கமே ஆகும்.

இத்துணை எடையுள்ள எஃகினை மேலே தூக்குவது எங்ஙனம் என்று மாணவர்கள் வினவலாம். கிணற்று இராட்டினத்தை எண்ணிப் பாருங்கள். அதன்மேற் செல்லும் கயிற்றின் ஒரு முனையில் நீர்க்குடத்தையும், மறுமுனையில் அதே எடையுள்ள கல்லையும் கட்டிவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். ஒரு சிறுவன் விரலால் இழுத்தாலும் கல் இறங்கும், குடம் ஏறும். தூக்குப் பாலத்தின் மறைபொருளும் இதுவே. கோபுரங்களின் உச்சியில் பெரிய கப்பிச் சக்கரங்கள் உள்ளன. பாலத்தின் இரு முனைகளிலும் பிணைத்த எஃகு வடங்கள் அச்சக்கரங்களின்மேல் ஏறி மறுபுறம் இறங்குகின்றன. அங்கே பாலத்தின் எடைக்கு ஒப்பான எதிர்நிறைகள் தொங்குகின்றன. எனவே, பொறி தூக்க வேண்டுவது பாலத்தின் முழு எடையை அன்று. உராய்வையும் காற்றின் தடையையும் வெல்லும் அளவு ஆற்றல் அதற்குப் போதும். சிகாகோப் பாலத்தில் முதலில் நீராவிப் பொறி இவ்வேலையைச் செய்தது. பிற்காலத்தில் மின்னாற்றல் அவ்விடத்தைப் பெற்றது. பாலம் எழும்போது வடங்களின் எடையும் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்திற்கு மாறுமன்றோ? அவ்வேறுபாட்டைச் சரிசெய்யச் சங்கிலிகளைத் தொங்கவிட்டனர். இச்சிறு நுட்பங்களிலும் கருத்துச் செலுத்தியதாலேயே அப்பெரும்பொருள் இயங்கிற்று.

எனினும், அப்பாலம் தோன்றியவுடன் உலகம் வாடெலைப் பின்பற்றவில்லை. அது செலவு மிக்கது என்றும், அதன் பொறிகள் சிக்கலானவை என்றும் குறை கூறினர். அதே காலத்தில் வில்லியம் ஷெர்சர் என்பார் கண்ட மற்றொரு முறை சிகாகோவிற் பரவலாயிற்று. பெட்டியின் மூடி போலப் பாலத்தின் இதழ்களை உருட்டி மேலே திறக்கும் முறை அது. பதினைந்து ஆண்டுகளுக்கு அண்மையாக, வாடெலின் முறையிற் குறிப்பிடத்தக்க பெரும்பாலம் வேறொன்றும் எழவில்லை. சிந்தையிற் பிறந்த ஒரு கருத்து, உலக வழக்கிற்கு வருதற்கு எத்துணைக் காலம் காத்திருத்தல் வேண்டும் என்பதனை இது காட்டுகின்றது.

அக்கருத்திற்கு மறுவாழ்வு தர இன்னொருவர் கை வேண்டியிருந்தது. 1907 ஆம் ஆண்டில் ஜான் லைல் ஹாரிங்டன் என்பவர் வாடெலுக்குத் தொழிற் பங்காளியானார். அவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்திற் பயின்றவர்; இயந்திரப் பொறியியலில் தேர்ந்தவர். பாலத்தைப் பற்றிய பேரெண்ணம் வாடெலுடையது. அதனை இயக்கும் பொறிகளை எளியனவாகவும் உறுதியுடையனவாகவும் ஆக்கிய திறம் ஹாரிங்டனுடையது. சட்டகமும் சக்கரமும் போல இருவர் அறிவும் இணைந்தன. அதன்பின் தூக்குப் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில், வில்லாமெட் ஆற்றின்மீது இவர்கள் அமைத்த ஹாதர்ன் பாலம் 1910 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அமெரிக்காவில் இன்றும் இயங்கும் தூக்குப் பாலங்களுள் அதுவே மிகப் பழையது.

அதே நகரில், அதே ஆற்றின்மேல், 1912 ஆம் ஆண்டில் அமைந்த எஃகுப் பாலம் இவர்தம் கலைத்திறத்தின் சிகரம் எனலாம். அவ்விடத்தில் 1888 ஆம் ஆண்டிலேயே இரண்டு தட்டுக்கள் கொண்ட சுழற் பாலம் ஒன்று இருந்தது. தேனிரும்பாற் பாலம் கட்டிய அந்நாளில், அது எஃகினால் ஆனமையின் எஃகுப் பாலம் என்றே பெயர் பெற்றது. அதற்கு மாற்றாக எழுந்த புதிய பாலமும் அப்பெயரையே தாங்கிற்று. புதிய பாலத்திற்கும் இரண்டு தட்டுக்கள். கீழ்த்தட்டிற் புகைவண்டி, மேல்தட்டில் தெருப் போக்குவரத்து.

கீழ்த்தட்டு நீர்மட்டத்திற்கு மேல் 26 அடி உயரத்திலேயே உள்ளது. ஆகவே, சிறு கலம் வந்தாலும் அதனைத் தூக்குதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் முழுப் பாலத்தையும் தூக்கினால், மேலே செல்லும் நகர மக்கள் ஓயாது காத்துக் கிடக்க நேரும். இவ்விடையூற்றை நீக்கப் பொறியாளர் செய்த சூழ்ச்சியே இப்பாலத்தின் தனிச்சிறப்பு. கீழ்த்தட்டினைத் தாங்கும் தொங்குகால்கள், மேற்பாலத்தின் உள்ளீடற்ற தூண்களுக்குள் நுழைந்து மேலேறுமாறு அமைக்கப்பட்டன. தொலைநோக்கியின் ஒரு குழல் மற்றொரு குழலுக்குள் அடங்குவது போல, கீழ்த்தட்டு மட்டும் எழுந்து மேல்தட்டின் அடியிற் போய் ஒட்டிக்கொள்ளும். அப்பொழுது நீருக்கு மேல் 72 அடி வெளி கிடைக்கும். சிறு கலங்கள் செல்லும். மேல்தட்டில் மக்கள் தம் வழியே போய்க்கொண்டே இருப்பர். பெருங்கப்பல் வந்தால் மட்டும் இரண்டு தட்டுக்களும் சேர்ந்து எழுந்து 163 அடி உயரம் வரை வழிவிடும். மேல்தட்டிற்கு இரண்டும் கீழ்த்தட்டிற்கு எட்டுமாக எதிர்நிறைகள் தனித்தனியே அமைந்துள்ளன. இவ்வாறு ஒன்றுக்குள் ஒன்று அடங்கித் தனித்தனியே இயங்கும் ஈரடுக்குத் தூக்குப் பாலம் உலகில் இது ஒன்றே. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது புகைவண்டியையும் மக்களையும் சுமந்து நிற்கின்றது.

வாடெலும் ஹாரிங்டனும் 1914 ஆம் ஆண்டிற் பிரிந்தனர். ஏழாண்டுகள் ஒருங்கே உழைத்தவர்கள் தனித்தனி வழியே சென்றது வருந்தத்தக்கதே. தூக்குப் பாலத்தின் புகழ் இவ்விருவருள் யாருக்கு உரியது? இவ்வினாவிற்கு அப்பாலங்களே விடை கூறுகின்றன. கோபுரம் இன்றி எதிர்நிறை இல்லை; எதிர்நிறை இன்றி ஏற்றம் இல்லை. முதலில் எண்ணியவரை மறந்து முடித்தவரைப் போற்றுவதும், முடித்தவரை மறந்து எண்ணியவரை மட்டும் போற்றுவதும் நடுவுநிலை ஆகா.

வாடெல் பாலம் கட்டியதோடு அமையவில்லை. தாம் அறிந்ததைப் பிறர்க்கு வழங்கும் வள்ளன்மையும் உடையவராய் இருந்தார். 1898 ஆம் ஆண்டில் பாலப் பொறியாளர்க்கு ஒரு கையேடு எழுதினார். 1916 ஆம் ஆண்டில் பாலப் பொறியியல் பற்றி ஈராயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். தொழில் நுட்பங்களைப் பூட்டி வைத்துக்கொள்வோர் நிறைந்த உலகில், கணக்கும் விலையும் தவறும் திருத்தமும் உட்பட அனைத்தையும் இளைஞர்க்கு எடுத்துரைத்தார். ஹாரிங்டனுடன் சேர்ந்து, பொறியியல் மாணவர்க்குப் பல அறிஞர்கள் ஆற்றிய உரைகளைத் தொகுத்து 1911 ஆம் ஆண்டில் பதிப்பித்தார். பொறியாளனுக்குத் தாய்மொழிப் பயிற்சி எத்துணை இன்றியமையாதது என்பதனை விளக்கும் உரையும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. எண்ணத் தெரிந்தவனுக்கு எழுதவும் தெரிதல் வேண்டும் என்பது இருவர்க்கும் உடன்பாடு.

1920 ஆம் ஆண்டில் வாடெல் நியூயார்க் நகரிற் குடியேறினார். சப்பான், சீனம், இத்தாலி முதலிய நாடுகளின் விருதுகள் அவரை அடைந்தன. அவ்விருதுகளிடத்து அவருக்குப் பெருவிருப்பம் உண்டு. பதக்கங்களை மார்பில் அணிந்து படம் எடுத்துக்கொள்வதில் மகிழ்ச்சி கொண்டவர். இதனைச் சிறு குறை என்று நகைப்பாரும் உளர். ஆயினும், புகழ் வந்த பின்னரும் அவர் உழைப்பைக் கைவிட்டாரில்லை. எழுபது அகவையைக் கடந்த பின்னும், 1927 ஆம் ஆண்டில், ஷார்ட்ரிட்ஜ் ஹார்டெஸ்டி என்னும் இளம் பொறியாளரைப் பங்காளியாக ஏற்றுத் தம் தொழிலை நடத்தினார்.

அவர் கண்முன்னேயே ஒரு வியப்பு நிகழ்ந்தது. அவருடைய முதல் திட்டம் தடைப்பட்டுப் போன டுலூத் நகரில், 1905 ஆம் ஆண்டில் வேறொரு வகைப் பாலம் எழுந்தது. கால்வாயின் மேலே உயரத்தில் அமைந்த சட்டத்திலிருந்து ஒரு தொங்கு வண்டி, மக்களை அக்கரைக்கு ஏற்றிச் சென்றது. போக்குவரத்து மிகவே, அது போதாதாயிற்று. 1930 ஆம் ஆண்டில் அதனையே தூக்குப் பாலமாக மாற்றி அமைத்தனர். 1892 ஆம் ஆண்டில் அந்நகருக்கு வாடெல் காட்டிய வழி, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அங்கே நிறைவேறிற்று. சிகாகோவில் அவர் கட்டிய முதற் பாலம் அப்பத்தாண்டிலேயே அகற்றப்பட்டது. ஒருபுறம் தம் முதற்படைப்பு மறைய, மறுபுறம் தம் முதற்கனவு மலர, இரண்டு நிகழ்ச்சிகளும் அவர் முதுமையில் நேர்ந்தன. 1938 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3 ஆம் நாள், எண்பத்து நான்காம் அகவையில், வாடெல் நியூயார்க்கில் மறைந்தார்.

சிகாகோ ஆற்றங்கரையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட அவ்விரு முறைகளும் நம் தமிழ்நாட்டிற்கும் வந்துள்ளன. 1914 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாம்பன் இருப்புப்பாதைப் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட இரு இதழ்களாக விரிந்தது ஷெர்சர் முறையில் அமைந்த பகுதியே. 2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 6 ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள எஃகுப் பகுதி இரு கோபுரங்களுக்கு இடையே நேரே மேலெழுகின்றது. அதனைக் காணும்பொழுது, தாளிலேயே தங்கிவிட்ட ஒரு திட்டத்தைத் தம் நெஞ்சில் உறங்கவிடாது காத்த வாடெலின் நினைவு நமக்கு வருதல் வேண்டும்.

கப்பல் வரும்பொழுது உயர்ந்து வழிவிடுகின்றது பாலம். வண்டி வரும்பொழுது தாழ்ந்து சுமை தாங்குகின்றது. அதனை எண்ணியவர் ஒருவர், எளிதாக்கியவர் மற்றொருவர். முதல் முயற்சி தடைப்பட்டபொழுது தளராத உள்ளமும், பிறர் அறிவைத் தம் அறிவோடு சேர்த்துக்கொள்ளும் பெருமனமும் உடையோரே உலகிற்கு நிலைத்த பயன் தருவர் என்பதனை வாடெலின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.